படத்தில் பச்சை, வால் எலும்பில் கன்றல்

போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் சக்கர நாற்காலியில் ஏறினால் இரவுதான் இறங்குவேன். கேரள மலையில் ராஜகுமாரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மிளகு பறிக்க ஏறியபோது ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கி விழுந்து தண்டுவடத்தில் அடி. தொப்புளுக்குக் கீழே தொடு உணர்வு கிடையாது. நடக்க முடியாததைத்தான் பார்க்கிறவர்கள் பெரிய குறையாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பின்புறம் வலிக்காததுதான் பெரிய ஆபத்து. உணர்வு உள்ளவர் தியேட்டரில் முழுப் படமும் உட்கார்ந்திருந்தாலும் தன்னையறியாமல் நெளிவார், ஒரு பக்கம் சாய்வார், காலை மாற்றிப் போடுவார். எனக்கு அந்தத் தகவல் வராது. உள்ளே சதை செத்துக்கொண்டிருந்தாலும் நான் பாட்டுக்கு பில் போட்டுக்கொண்டிருப்பேன்.

அதனால் உட்காரும் இடத்தில் விழும் அழுத்தத்தை அளந்து படமாகக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது என்று பூப்பாறையில் இருக்கும் மச்சினன் சொன்னதும் கிளம்பிவிட்டோம். எர்ணாகுளம் பக்கம் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவு. நல்ல கருவி, நல்ல பிசியோ. ஆனாலும் அந்தப் படத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது என்னைப் போன்றவர்கள் போன் செய்து கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், எழுதியும் வைக்கலாமே என்று தோன்றியது.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மெல்லிய பாய், அதற்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன உணரிகள், ஒரு வயர், ஒரு லேப்டாப். பாயைக் குஷன் மேல் விரித்து அதன்மேல் நம்மை உட்காரவைப்பார்கள். எடை குறைவாக விழும் இடம் திரையில் நீலம், பிறகு பச்சை, மஞ்சள், அதிகமாக விழும் இடம் சிவப்பு. பிட்டத்தின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் உட்காரும் எலும்புகள் இரண்டு வட்டமாக எழும். "சேட்டா, பாக்கெட் காலியாக்கணும்" என்றார் பிசியோ. காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி போகவே மாட்டேன் என்றது. என்னைச் சாய்த்துப் பார்த்தார்கள். பேண்ட் பின்பாக்கெட்டில் தைத்திருந்த பித்தளைக் குமிழ். மொச்சைக்கொட்டை அளவு கூட இல்லை. அன்றைக்கே என் மனைவி எல்லா பேண்ட்டிலும் பின்பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள். தடித்த தையல் மடிப்பு வரும் ஜீன்ஸையும் அன்றோடு விட்டேன்.

உட்கார்ந்த உடனே படம் எடுக்கக் கூடாது. குஷன் அமுங்கி உடம்போடு ஒத்துப்போக சில நிமிடம் ஆகும், உணரிகளின் கணக்கும் அதுவரை ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் பிசியோ ஐந்தாறு நிமிடம் காத்திருந்து பிறகுதான் பதிவு செய்தார். பாயை இழுத்துக் கட்டினாலும் தப்பு. கட்டில் நாடா மாதிரி விறைப்பாக நின்றால் குஷனுக்குள் உடம்பு இறங்காது, எண் பொய்யாக வரும். எங்கேயாவது அளக்கப் போனால் இந்த இரண்டையும் கவனியுங்கள். அவசரப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்.

திரையில் வரும் எண் பி.பி. பார்க்கும் அதே அலகுதான், மில்லிமீட்டர் மெர்க்குரி. 32க்கு மேல் போனால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று பலரும் சொல்வார்கள். அந்த எண் வந்த வழியைத் தேடிப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. 1930இல் லாண்டிஸ் என்பவர் விரல் நகத்தின் ஓரத்தில் இருக்கும் நுண்குழாய்களில் நுண்ணிய குழலைச் செருகி அளந்தது அது. விரல் நகத்துக்கும் என் பிட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? எவ்வளவு நல்ல குஷனிலும் உட்காரும் எலும்புக்கு அடியில் 32க்குள் நிற்பது நடக்காத காரியம். எண்ணைத் தேர்ச்சி மதிப்பெண்ணாகப் பார்க்க வேண்டாம். அதே ஆள், அதே நாற்காலி, வேறு வேறு குஷன் என்று ஒப்பிடத்தான் அது உதவும்.

அப்படி ஒப்பிட்டோம். இலவம்பஞ்சுக்கு எங்கள் ஊர் பேர்போனது. மாமனார் வீட்டில் ஆசையாகத் தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுத் திண்டில் உட்கார்ந்தேன். இரண்டு ரத்தச் சிவப்பு வட்டம். பஞ்சு புதிதில் பொம்மென்று இருக்கும், உட்கார உட்காரக் கட்டிதட்டிப் போகும். படுக்க நல்லது, நாள் முழுக்க உட்கார ஆகாது. நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தை அவர்கள் அளந்துகூடப் பார்க்கவில்லை. எடை முழுவதும் ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பில் விழுந்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், அதைத் தூக்கிப் போடுங்கள் என்றார்கள். மூலத்துக்கு வாங்கியதை வீட்டில் இருக்கிறதே என்று தண்டுவடம் அடிபட்டவருக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கடைசியில் காற்றறைகள் கொண்ட குஷனில் படம் அழகாக வந்தது. பெரும்பகுதி பச்சை, எலும்புக்கு அடியில் கொஞ்சம் மஞ்சள். விலை கசந்தது. மச்சினனும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.

சில வாரம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்த மனைவி, "என்னங்க, இங்க ஒரு மாதிரி இருக்கு" என்றாள். உட்காரும் எலும்பில் ஒன்றுமில்லை. அதற்கு மேலே, வால் எலும்புக்குப் பக்கத்தில். என் நிறத்துக்குத் தோலில் சிவப்பு தெரியாது. கருநீலமாகக் கன்றியிருந்தது, விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் வெளுக்கவில்லை. புறங்கையை வைத்தால் பக்கத்துத் தோலைவிடச் சூடு, தொட்டால் கொஞ்சம் கெட்டி. மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்கு இந்த மூன்றும்தான் அடையாளம்: நிற மாற்றம், சூடு, கெட்டி. புத்தகத்தில் போட்டிருக்கும் சிவப்புப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தால் புண் உடைந்த பிறகுதான் தெரியும். நாற்காலியை விட்டு இறங்கி அரைமணி நேரம் கழித்தும் தடம் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் மறுபடி எடை விழக் கூடாது. ஒருக்களித்தும் குப்புறவும் படுத்துக் கிடந்தேன். கடை சம்பளம் போனது, புண் உடையாமல் தப்பித்தது.

மறுபடி எர்ணாகுளம். மறுபடி பாய். மறுபடி பச்சை! குஷனில் காற்றும் சரியாக இருந்தது. இந்தத் தடவை பிசியோ திரையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து என்னைப் பக்கவாட்டில் பார்த்தார். "போய் ஊணு கழிச்சிட்டு வா சேட்டா, எப்பவும் போல இரு" என்று கேன்டீனுக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் என்னை நிமிர்த்தி உட்காரவைக்காமல், இருந்த இருப்பிலேயே பாயைச் செருகச் சொன்னார். இப்போது இரண்டு வட்டமும் பின்னால் நகர்ந்து, ஓரம் கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. எண் அப்போதும் பயமுறுத்தவில்லை. ஆனால் என் முட்டி இரண்டும் முன்னால் வந்திருந்தன, முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி, சட்டை பின்பக்கம் மேலே ஏறிச் சுருண்டிருந்தது. நான் சறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரே தடவையில் அல்ல, காலையிலிருந்து மெல்ல மெல்ல.

பிசியோ என் கையைப் பிடித்து மேசையில் வைத்தார். நீங்களும் செய்து பாருங்கள். உள்ளங்கையை மேசையில் அழுத்தி வைத்து, அது நழுவாதபடி முன்னால் தள்ளுங்கள். தோல் மேசையோடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு முன்னால் போகப் பார்க்கும், மணிக்கட்டுப் பக்கம் தோல் இழுபடும். நேராக அமுக்குவது அழுத்தம். இந்தப் பக்கவாட்டு இழுப்புதான் ஷியர். பிட்டத்தில் இது நடக்கும்போது தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஓடும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கிப்போகும். 1979இல் பென்னட் குழுவினர் உள்ளங்கையிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஷியர் போதுமான அளவு இருந்தால், ரத்த ஓட்டத்தை அடைக்க வழக்கமான அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியே போதும் என்று கண்டார்கள். அதாவது பச்சையிலும் புண் வரும்.

பாய் ஏன் இதைக் காட்டவில்லை? அதில் இருக்கும் உணரிகள் தம்மேல் நேராக விழுவதை மட்டும் உணரும், பக்கவாட்டில் இழுத்தால் அவற்றுக்குத் தெரியாது. பக்கவாட்டு விசையை அளக்கும் உணரிகளும் உண்டு. ஆனால் அவை மெல்லிதாகவும் வளைவதாகவும் இருப்பது கஷ்டம். கொஞ்சம் தடித்தாலும் அந்தத் தடிப்பே அளவை மாற்றிவிடும். பாயின் வழுவழுப்பே கூட ஷியரைக் குறைத்துக் காட்டும். அதனால் சில இடங்களில் குஷனுக்கு அடியில், நாற்காலிப் பலகை மேல் ஒரு தட்டை வைத்து மொத்தமாக உடம்பு எவ்வளவு முன்னால் தள்ளுகிறது என்று அளக்கிறார்கள். எந்த எலும்பருகில் எவ்வளவு என்று அது சொல்லாது. ஆனால் இந்த இருப்பைவிட அந்த இருப்பு நல்லதா என்று சொல்லிவிடும். நாங்கள் போன இடத்தில் அந்தத் தட்டு இல்லை, அங்கே கண்ணும் இன்ச் டேப்பும்தான்.

காரணம் என்னவென்று கேட்டால், புதுக் குஷனேதான்! பழைய திண்டு உட்கார்ந்தால் அப்பளம், இது கிட்டத்தட்ட நாலு விரற்கடை உயரம். நான் மேலே ஏறிவிட்டேன், கால் வைக்கும் தட்டு பழைய இடத்திலேயே இருந்தது. கால் தொங்கினால் அதன் எடை இடுப்பை முன்னால் இழுக்கும், இடுப்பு பின்பக்கம் உருண்டு வால் எலும்பில் உட்கார்ந்துவிடும். கூடவே என் நாற்காலி இலவசமாகக் கிடைத்த மடக்கு நாற்காலி, இருக்கையின் ஆழம் என் தொடையைவிட நீளம். முதுகு சாய்மானத்தைத் தொடப் பின்னால் போனால் இருக்கையின் முன்விளிம்பு முட்டிக்குப் பின்னால் குத்தும், அதனால் உடம்பு தானாக முன்னால் வந்துவிடும்.

சரிசெய்ய எர்ணாகுளம் தேவைப்படவில்லை. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் ஸ்பேனரை எடுத்துக் கால்தட்டை உயர்த்தினார். தொடை முழுவதும் குஷனில் படிந்து, கால்தட்டில் பாதம் நன்றாகப் பதியும் அளவு. அதற்கு மேலும் உயர்த்தினால் தொடை தூக்கிக்கொண்டு எடை எல்லாம் மறுபடி உட்காரும் எலும்புக்கே போய்விடும், அதையும் சொன்னேன். தொய்ந்த சாய்மானத் துணிக்கு முன்னால் ரெக்சின் போர்த்திய பலகைத் திண்டு ஒன்றைக் கட்டினோம். அது என்னை முன்னால் கொண்டுவந்ததில் இருக்கையின் ஆழமும் குறைந்தது. முட்டிக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் போதும். தொய்ந்த இருக்கைத் துணிக்கு மேலும் குஷனுக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகை. மொத்தச் செலவு குஷன் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

இப்போது வீட்டில் சறுக்கலை நானே அளக்கிறேன். நாற்காலிச் சட்டத்தில் ஒரு இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். காலையில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அதற்கு நேராகப் பேண்ட்டின் பக்கவாட்டில் தையல்காரர் சாக்பீஸால் ஒரு கோடு. மதியம் சாப்பிடும்போது கோடு எவ்வளவு முன்னால் போயிருக்கிறது என்று பார்ப்பேன். கடைப் பையன் பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுப்பான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோடு நகர்ந்தால் சறுக்கல் உண்டு என்று தெரியும், நகரவில்லை என்றால் ஷியர் இல்லை என்று ஆகாது. சொரசொரப்பான துணி குஷனைக் கவ்விப் பிடித்திருக்கும்போது துணியும் தோலும் அங்கேயே நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகரும். உள்ளே இழுப்பு அப்போதுதான் அதிகம். அதனால் கோட்டோடு முட்டியையும் பார்க்க வேண்டும், இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூன் போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வழுக்கும் துணி போட்டால் தீராதா என்று கம்பத்து நண்பர் கேட்டார். தோலில் இழுப்பு குறையும், ஆள் இன்னும் வேகமாகக் கீழே போவார். சறுக்கும் காரணத்தை எடுக்காமல் துணியை மாற்றிப் பயனில்லை. வியர்வையும் ஈரமும் தோலைக் கவ்வவைக்கும் என்பதால் சிறுநீர் ஒழுகல் இருந்தால் உடனே உடையை மாற்றுவது, குஷன் மேல் பிளாஸ்டிக் உறையும் மடித்த துண்டும் போடாமல் இருப்பது, இவையும் இதில் சேர்த்திதான்.

அந்தக் கம்பத்து நண்பருக்குக் கழுத்தில் அடி. முதுகுப் பக்கம் மட்டும் சாயும் நாற்காலி வைத்திருக்கிறார். சாய்த்தால் பிட்டத்தில் அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் சாய்மானம் இறங்கி ஏறும்போது முதுகுத் தோல் இழுபடும், உடம்பு முன்னால் சறுக்கும். ஹாப்சன் என்ற ஆய்வாளர் 1992இல் தண்டுவடம் அடிபட்டவர்களை வெவ்வேறு இருப்பில் வைத்து அளந்ததில், முதுகை மட்டும் சாய்த்தால் ஷியர் கூடியது, இருக்கையும் முதுகும் சேர்ந்து மொத்தமாகச் சாய்ந்தால் குறைந்தது. அப்படிச் சாயும் நாற்காலி வாங்க முடியாதவருக்கு ஒரு வழி: மனைவியோ மகனோ கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, பிரேக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியை அப்படியே பின்னால் சரித்துத் தன் மடிமேல் தாங்கிக்கொள்வது. ஆள் பலமாக இருக்க வேண்டும், கட்டில் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும். அவர் வீட்டில் டி.வி. சீரியல் விளம்பர நேரத்தில் இது நடக்கிறது.

என்னைப் போல் கைக்குப் பலம் உள்ளவர்களுக்கு, கையை ஊன்றி எழும்பி எடையை எடு என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். பதினைந்து இருபது விநாடி எழும்பிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் காக்ரேவ், ரோஸ் இருவரும் தோலில் ஆக்சிஜன் அளவைப் பார்த்து 2003இல் எழுதியது: அது பழைய நிலைக்குத் திரும்ப எடை எடுத்த நிலையிலேயே இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட ஆகிறது. இரண்டு நிமிடம் யாரால் கையில் தொங்க முடியும்? தோள்மூட்டும் போய்விடும், நமக்குக் காலே தோள்தானே. ஆகவே முன்னால் குனிவதுதான் என் வழி. பில் புத்தகத்தைத் தள்ளிவிட்டு மார்பு மேசையில் படும்படி குப்புறச் சாய்ந்துவிடுவேன், டீ வந்து ஆறும்வரை அப்படியே. புதிதாக வரும் தோட்டக்காரர்கள், "தம்பிக்கு என்ன, மயக்கமா?" என்று பதறுவார்கள். பழகியவர்கள் ஏலம் என்ன விலை போனது என்று குனிந்த தலையிடமே கேட்பார்கள்.

ஒரு நாளின் ஷியரில் பெரும்பங்கு நாற்காலியில் அல்ல, ஏறி இறங்குவதில் வருகிறது என்பது என் அபிப்பிராயம். உதவிக்கு வருகிறவர்கள் நல்ல மனதோடு பின்னாலிருந்து பேண்ட்டின் இடுப்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துவார்கள். அந்த ஒரு இழுப்பில் வால் எலும்புத் தோல் என்ன பாடுபடும்! தூக்குங்கள், இழுக்காதீர்கள் என்று இப்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். கஷ்டம் ஜீப்பில்தான். முன்சீட்டில் நாற்காலிக் குஷனைப் போட்டு இருவர் தூக்கி வைப்பார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் பிரேக் அடிக்க அடிக்க உடம்பு முன்னால் போகும். இடுப்பு பெல்ட்டை வயிற்றில் கட்டாமல், தொடையும் இடுப்பும் மடியும் இடத்தில் கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் கொஞ்சம் நிற்கும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தித் தூக்கி மறுபடி உட்காரவைக்கச் சொல்வேன். முணுமுணுப்பார்கள், செய்வார்கள்.

மலையேறுகிறவர்கள் காற்றுக் குஷனில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. போடியிலிருந்து மெட்டுக்கு ஏறினால் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் கூடுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. குஷனுக்குள் அடைபட்ட காற்று அந்த அளவுக்கு விரியும், குஷன் விறைத்துக்கொள்ளும், உடம்பு அதற்குள் இறங்காமல் மேலே நிற்கும். மேலே போனதும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட வேண்டும். அப்படி விட்டுவிட்டு அதே குஷனோடு கீழே இறங்கினால் கதை தலைகீழ்: காற்று போதாமல் எலும்பு பலகையில் போய் உட்காரும். அதனால் கீழே வந்ததும் அடிக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு மீட்டர் வேண்டாம். குஷனுக்கும் எலும்புக்கும் நடுவில் கையை விட்டு, உட்காரும் எலும்பின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கும் குஷன் அடிப்பாகத்துக்கும் இடையில் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை காற்று இருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். நமக்கு நாமே செய்வது சிரமம், வீட்டில் ஒருவருக்குப் பழக்கிவையுங்கள். மச்சினன் கை இதில் தேர்ந்துவிட்டது.

அளக்கப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில. தினமும் போடும் உடையிலேயே போங்கள், உங்கள் நாற்காலியோடு போங்கள். ஆஸ்பத்திரி நாற்காலியில் எடுத்த படம் உங்களுக்கு உதவாது. உட்கார்ந்த சில நிமிடத்தில் ஒன்று, இரண்டு மணி நேரம் வழக்கம்போல் இருந்த பிறகு ஒன்று என்று இரண்டு படம் கேளுங்கள். மேசையில் எழுதுவது போலக் குனிந்தும், சக்கரத்தைத் தள்ளிக்கொண்டும், பக்கத்தில் சாய்ந்தும் எடுக்கச் சொல்லுங்கள். குனிந்தால் சிவப்பு மறைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கே குனியும் பழக்கம் நிலைத்தது. படத்தைப் போனில் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே பக்கவாட்டுப் போட்டோ ஒன்றும். குஷனோ நாற்காலியோ மாறினால் மட்டுமல்ல, எடை குறைந்தாலும் மறுபடி அளக்க வேண்டும், பிட்டத்துச் சதை கரைந்தால் எலும்பு இன்னும் கூராகும். கருவி எட்டாத தூரத்தில் இருந்தால் முதலில் உட்காரும் முறையைச் சொல்லித்தரும் இடத்துக்குப் போங்கள். எங்கள் பக்கத்திலிருந்து போக, தென்காசி அருகே ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்தில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. வடக்கே இருப்பவர்களுக்கு வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம். போகும்போது குஷனை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், கால்தட்டைத் திருகும் ஸ்பேனரையும்.